ஒரு ராத்திரிக் கூடாரத்துக்கு ஒரு வருஷ இஎம்ஐயா?

கேள்வி: மூன்று மாதம் கழித்து, நண்பர்கள் நாலு பேர் கடலோரமாக இரண்டு நாள் நடந்து, நடுவில் ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். எனக்கு இதுதான் முதல் முறை. கூடாரம், தூங்கும் பை, பெரிய முதுகுப்பை எல்லாவற்றையும் கிரெடிட் கார்டில் இஎம்ஐ போட்டு வாங்கிவிடலாமா? கார்டில் ஏற்கெனவே கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

பதில்: வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். கார்டில் பாக்கி இருப்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மாதம் 3 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 36தானே என்று தோன்றும். வட்டிக்கு வட்டி ஏறி அது 42ஐத் தாண்டிவிடும். முதலில் அந்தப் பாக்கியை அடைத்துவிடுங்கள்.

வாங்குவதா, வாடகையா என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். விலையை ஒரு ராத்திரி வாடகையால் வகுத்துப் பாருங்கள். 12 வந்தால், 12 ராத்திரி வெளியே படுத்தால்தான் வாங்கியது கட்டுப்படியாகும். முதல் ராத்திரியே மணலும் ஈரமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், யார் கண்டது! ஷூ மட்டும் சொந்தமாக இருக்கட்டும். அதையும் முன்கூட்டியே வாங்கி, போட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

வாடகைப் பொருளில் ஒரு சிக்கல் உண்டு. ஒருமுறை நான் கூடாரத்தைக் கடலிலிருந்து வந்த ஈரத்தோடு அப்படியே சுருட்டித் திருப்பிக் கொடுத்தேன். ஜிப்பின் பற்களுக்கு நடுவே உப்பு வெள்ளையாகப் பூத்து, இழுவை நகரவே இல்லை. டெபாசிட்டில் பாதி போயிற்று, தப்பு என்னுடையதுதான். நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்துக் கொடுங்கள். எடுக்கும்போதே ஜிப்பை போட்டோ எடுத்துவிடுங்கள்.

சரி, மிச்சமாகும் பணத்தை எதில் போடுவது? தேதியை மாற்ற வசதியுள்ள டிக்கெட்டிலும் முகாம் பதிவிலும்தான். மலைப்பாதையில் மழை வந்தால் நனைந்துகொண்டே நடக்கலாம். கடலோரப் பாதையில் சில இடங்களைத் தண்ணீர் வடிந்திருக்கும்போது மட்டுமே கடக்க முடியும். பெரும்பாலான கரைகளில் ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறி இறங்கி மறுபடி ஏறச் சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அதனால் கடல் வற்றும் நேரம் நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஒரு வாரத்தில் இது கிட்டத்தட்ட 6 மணி நேரம்! இந்தச் சனிக்கிழமை மதியம் கடல் வற்றியிருந்த பாறைமுனையில், அடுத்த சனிக்கிழமை அதே மதியம் தண்ணீர் ஏறி நிற்கும். 'ஒரு வாரம் தள்ளிப் போகலாம்' என்று யாராவது சொன்னால், நடக்கும் நேரம் முழுவதையும் மாற்றிப் போட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் இன்னும் மேலே வரும். கூடாரம் போடும் இடத்தையும் அதற்கேற்ப மேடாகப் பாருங்கள்.

ஆகவே ஓர் உபரி நாளுக்கான செலவையும் பட்ஜெட்டிலேயே எழுதுங்கள்: ஒரு நாள் சாப்பாடு, ஒரு நாள் கூடுதல் வாடகை, ஒரு நாள் லீவு. போகாத நாளுக்குக் காசா என்று நண்பர்கள் முணுமுணுப்பார்கள். அந்த உபரி நாள் இல்லையென்றால், திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போயாக வேண்டுமே என்று ஏறும் கடலில் இறங்கத் தோன்றும்.

பயணக் காப்பீடு எடுத்தால், கூடார முகாமும் நடைப்பயணமும் அதில் அடங்குமா, மீட்புச் செலவு உண்டா என்று விதிவிலக்குப் பகுதியைப் படியுங்கள். விமானத்தில் போவதென்றால் அடுப்புக்கான கேஸ் டப்பாவை ஏற்றவிட மாட்டார்கள். அதைப் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் வாங்க வேண்டும்.

நாலு பேர் பங்கையும் இப்போதே மூன்று மாதத் தவணையாக ஒரு தனிக் கணக்கில் போட்டுவாருங்கள். கடைசி நேரத்தில் ஒருவர் கழன்றுகொண்டால் அவர் பங்கு என்னாகும் என்பதையும் முதல் தவணைக்கு முன்பே பேசிவிடுங்கள். ஓத அட்டவணையைப் பார்த்துத் தேதி குறித்த அப்புறம் லீவு எழுதிக் கொடுங்கள்.