போர் முடிந்தபின் கொல்லப்பட்ட கைதிகள்: ஸ்லோவேனியா பற்றிய கேள்வி பதில்

கேள்வி: 1945 மே மாதமே ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்துவிட்டது. அப்புறம் ஏன் கைதிகளைக் கொன்றார்கள்?

பதில்: பழி தீர்ப்பது ஒன்று, யுகோஸ்லாவியாவின் (ஸ்லோவேனியா அன்று அதன் ஒரு பகுதி) புது கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிரி மிஞ்சக்கூடாது என்பது இன்னொன்று. கொல்லப்பட்ட ஸ்லோவேனியர்களில் பெரும்பாலோர் 'டொமொப்ரான்ட்சி' எனும் ஊர்க்காவல் படையினர். ஜெர்மானியரோடு சேர்ந்து, கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் 'பார்ட்டிசான்' கெரில்லாப் படையை எதிர்த்தவர்கள். தோற்றதும் மலை தாண்டி ஆஸ்திரியாவுக்குப் போய், விக்டிரிங் வயல்வெளியில் பிரிட்டிஷாரிடம் சரணடைந்தார்கள். மே கடைசியில், "இத்தாலிக்கு அனுப்புகிறோம்" என்று சொல்லி பிரிட்டிஷார் அவர்களை ரயிலேற்றினார்கள். பெட்டிக் கதவுகளைப் பூட்டியபிறகு, அதுவரை ஒளிந்திருந்த பார்ட்டிசான்கள் வெளியே வந்தார்கள். இப்படி ஒப்படைக்கப்பட்டவர்கள் சுமார் 10,000 பேர். பெரும்பாலோரை விசாரணையே இல்லாமல் கொன்றார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பொய்யில் பிரிட்டனுக்கும் பங்குண்டு.

கேள்வி: ஹிட்லருக்குத் துணைபோனவர்களுக்காக இவ்வளவு இரக்கமா?

பதில்: துணைபோனது உண்மை. 1944 ஏப்ரல் 20, ஹிட்லரின் பிறந்தநாளன்றே தலைநகர் லுப்லியானாவின் மைதானத்தில் உறுதிமொழி எடுத்தார்கள். சரி, குற்றம் செய்தவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கலாமே? கையைத் தூக்கிச் சரணடைந்தவனைச் சுட்டுக் குழியில் தள்ள எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

கேள்வி: ஹூடா யாமா என்கிறார்களே, அது என்ன?

பதில்: லாஷ்கோ எனும் ஊர் அருகே, 1945-இல் கொன்றவர்களை மறைத்த ஒரு பழைய நிலக்கரிச் சுரங்கம். பெயருக்கே 'கொடிய குகை' என்றுதான் பொருள். 2009 மார்ச்சில் உள்ளே போனவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுப்புச் சுவர்களை உடைக்க வேண்டியிருந்தது. காற்றுப் புகாததால் உடல்கள் முழுக்க மட்காமல் உலர்ந்து கிடந்தன. பின்னிய சடைகளும் கிடைத்தன, பெண்களும் இருந்திருக்கிறார்கள். 1,416 பேரின் எச்சங்களை 2016 அக்டோபரில் மரிபோரில் உள்ள டொப்ராவா கல்லறையில் அடக்கம் செய்தார்கள். நாடு முழுக்க இதுபோல 600-க்கும் மேற்பட்ட மறைவான புதைகுழிகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள்.

கேள்வி: டிட்டோ காலத்தில் குடும்பத்தார் அஞ்சலி செலுத்த முடிந்ததா?

பதில்: வெளிப்படையாக முடியாது. மெழுகுவர்த்தி ஏற்றக் கல்லறை இருந்தால்தானே!

கேள்வி: இப்போதாவது சமாதானம் ஆகிவிட்டதா?

பதில்: 1990 ஜூலை 8 அன்று, கோச்செவ்ஸ்கி ரோக் காட்டில், கைதிகளைக் கொன்று வீசிய குழிகளின் அருகே, பேராயர் ஷுஷ்டரும் முன்னாள் கம்யூனிஸ்ட் தலைவர் குச்சானும் கைகுலுக்கினார்கள். 2017-இல் லுப்லியானாவில் எல்லாப் போர்களிலும் மாண்டவர்களுக்கும் பொதுவாக இரண்டு பெரிய கற்பாளங்களை நிறுத்தினார்கள். ஆனாலும் சண்டை ஓயவில்லை. கம்யூனிச வன்முறைக்குப் பலியானவர்களுக்கு மே 17-ஐ நினைவுநாளாக 2022-இல் ஓர் அரசு அறிவித்தது; அடுத்து வந்த அரசு மறு ஆண்டே அதை ரத்து செய்தது.