பத்துச் சட்டையும் போட்டவர்

அன்புள்ள ஐயா,

நம்ம ஊர் ஃபுட்பால் அணி சென்னையின் எஃப்சி 2018-இல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்றபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த சீசனிலேயே கடைசி இடம். அந்தக் கோப்பை வெறும் அதிர்ஷ்டம், கோச் ஜான் கிரெகரி ஒன்றும் பெரிய ஆள் இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர்?

ஆர்., பெரம்பூர்

அன்புள்ள ஆர்.,

நட்சத்திர ஆட்டக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த அணியிலும் இடம் கிடைக்கக்கூடிய ஆள். 1977-இல் நார்தாம்ப்டன் அணியிலிருந்து ஆஸ்டன் வில்லா அணிக்குப் போனார். அந்தக் காலத்தில் சட்டை எண்ணைப் பார்த்தே ஆள் எங்கே ஆடுகிறார் என்று சொல்லிவிடலாம். 2 என்றால் தடுக்கிற பேக், 9 என்றால் கோல் போடுகிற ஃபார்வர்டு, இப்படி. கிரெகரி வில்லாவில் 2 முதல் 11 வரை பத்து எண்களையும் போட்டு ஆடியிருக்கிறார். கோல்கீப்பர் சட்டை மட்டும்தான் பாக்கி. என்னைக் கேட்டால் அவர் கோச் ஆனதற்கான விதை அங்கேதான் விழுந்தது. மைதானத்தின் ஒவ்வொரு மூலையிலும் நின்று பார்த்தவருக்கு, அந்தந்த இடத்தில் நிற்பவனின் கஷ்டம் தெரியும்.

அப்புறம் பிரைட்டன் அணி, அங்கிருந்து லண்டனின் கியூபிஆர் (குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்). நடுக்களத்தில் அவர் நிலைத்தது அங்கேதான். இங்கிலாந்தின் எல்லா டிவிஷன் அணிகளும் மோதும் எஃப்ஏ கோப்பையின் 1982 இறுதிக்கு, இரண்டாம் டிவிஷனில் இருந்த கியூபிஆர் வந்து சேர்ந்தது. டாட்டன்ஹாமுடன் முதல் ஆட்டம் டிரா. மறு ஆட்டத்தில் கிளென் ஹாடில் அடித்த ஒரே பெனால்ட்டியில் தோற்றார்கள். அடுத்த வருஷம் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். இங்கிலாந்துக்காக 6 ஆட்டம் ஆடினார். பிறகு டெர்பி கவுன்ட்டி அணி.

கோச்சாக அவருடைய நல்ல காலம் வில்லாவில்தான். 1998 பிப்ரவரியில் விக்கம்ப் அணியிலிருந்து வந்தபோது வில்லா 15-ஆம் இடத்தில் தத்தளித்தது. சீசன் முடியும்போது 7-ஆம் இடம். அடுத்த சீசனின் தொடக்கத்தில் ட்வைட் யார்க்கை மான்செஸ்டர் யுனைடெட் வாங்கிக்கொண்டுபோனது. அணியின் முதுகெலும்பே போன மாதிரி. அப்படியும் முதல் 12 ஆட்டங்களில் தோல்வியே இல்லை, பட்டியலில் முதலிடம்! 2000-இல் பழைய வெம்ப்ளியின் கடைசி எஃப்ஏ கோப்பை இறுதியில் செல்சியிடம் 1-0 என்று தோற்றார்.

சரி, அதிர்ஷ்டம் விஷயத்துக்கு வருகிறேன். நாம் கோப்பை வென்ற அந்த சீசனின் லீக் ஆட்டங்களில் பெங்களூரு 40 புள்ளி, நாம் 32. இறுதி ஆட்டமும் அவர்கள் ஊரில். 9-ஆவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். நாம் திருப்பிக் கொடுத்த முதல் இரண்டு கோல்களையும் மீண்டும் போட்டுப் பாருங்கள். இரண்டுமே கார்னர். இரண்டையும் அடித்தது நம் ஆட்டக்காரர் கிரெகரி நெல்சன் (கோச் இல்லை, வேறு ஆள்), இரண்டையும் தலையால் முட்டியது மைல்சன் ஆல்வெஸ். ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். ஒரே ஆள் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை போட்டுக் கொடுப்பதற்குப் பின்னால் பயிற்சி மைதானத்தின் வியர்வை இருக்கிறது. மூன்றாவது ரஃபேல் அகஸ்டோ. 3-2.

அடுத்த சீசன் மோசம்தான், மறைக்க ஒன்றுமில்லை. 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி. தடுப்பில் தூணாக நின்ற செரினோ போய்விட்டார். ஃபார்வர்டு ஜேஜேயின் கோல்கள் வற்றிப்போயின. நடுக்களத்தில் தனபால் கணேஷ் காயத்தால் இல்லை. இந்த மூன்று ஓட்டையையும் கிரெகரியால் அடைக்க முடியவில்லை. அந்தப் பழியில் அவருக்கும் பங்கு உண்டு.

ஆனால் நீங்கள் பெரம்பூர்க்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். 2018 மார்ச் 13, நேரு ஸ்டேடியம், கோவாவுடன் அரையிறுதி. நான் கேலரியில் இருந்தேன். ஜேஜே முதல் கோல் போட்ட சத்தம் அடங்குவதற்குள், மூன்றே நிமிடத்தில் பந்து மறுபடியும் வலைக்குள். தலையால் முட்டியது கணேஷ், உங்களுக்குப் பக்கத்து வியாசர்பாடிப் பையன். எனக்குப் பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்று, “நம்ம கணேஷுடா, நம்ம கணேஷு” என்று பக்கத்தில் இருந்தவர்கள் தோளையெல்லாம் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பையனை வாராவாரம் நடுக்களத்தில் நம்பி இறக்கியவர் கிரெகரி. இதையும் உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.