தூங்கும்போதும் உடல் ஏன் உழைக்கிறது?

அன்புள்ள ஐயா,

வெப்பம், சர்க்கரை, உப்பு எல்லாவற்றையும் உடல் சமநிலையில் வைத்திருக்கிறது என்று என் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "தராசு சமமாக நின்றுவிட்டால் அப்புறம் யாரும் எதுவும் செய்ய வேண்டாமே, தூங்கும்போதுகூட உடலுக்கு எதற்குச் சக்தி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மீனா

அன்புள்ள மீனா,

உங்கள் மகள் சரியான இடத்தைப் பிடித்துவிட்டாள். பாடப்புத்தகங்கள் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம் இது.

ஒரே ஒரு செல்லை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றியுள்ள திரவத்தில் சோடியம் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல். உள்ளே அதில் பத்தில் ஒரு பங்குதான். பொட்டாசியம் நேர்மாறு: உள்ளே 140, வெளியே 4 அளவில். செல் சவ்வு முழுக்க அடைத்த சுவர் இல்லை. சோடியம் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும், பொட்டாசியம் வெளியே. அப்படியே விட்டுவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். தராசு சமமாக நிற்பது அப்போதுதான். ஆனால் அப்போது செல் உயிரோடு இருக்காது.

அதைத் தடுப்பது சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம், சோடியம்-பொட்டாசியம் பம்ப். ஒரு சுற்றுக்கு 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். செலவு, செல்லின் எரிபொருளான ஏடிபி-யில் ஒரு மூலக்கூறு. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கௌ நண்டுக் கால் நரம்புகளை ஆராய்ந்து 1957-இல் இதை வெளியிட்டார். 40 ஆண்டுகள் கழித்து, 1997-இல், நோபல் பரிசு வந்தது. நாம் சும்மா படுத்திருக்கையில் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பம்புக்கே போகிறது. மூளையில் இன்னும் அதிகம், ஏனென்றால் நரம்புச் செய்தி ஓடுவதே இந்த உள்-வெளி வேறுபாட்டை வைத்துத்தான். மகள் அந்தக் கேள்வியை யோசித்தபோதும் அவளுடைய நரம்பு செல்களுக்குள் சோடியம் பாய்ந்திருக்கும், பம்புகள் அதைத் திரும்ப வெளியேற்றியிருக்கும்.

மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், அந்தப் பகுதியில் சில நிமிடங்களில் ஏடிபி தீர்ந்துபோகும். பம்ப் நிற்கும், சோடியம் உள்ளே சேரும், கூடவே தண்ணீரும் புகுந்து செல் வீங்கும். பக்கவாதம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள் என்று மருத்துவர்கள் மன்றாடுவது இதனால்தான்.

சர்க்கரையும் இப்படித்தான். இரவெல்லாம் நாம் சாப்பிடுவதில்லை, மூளையோ குளுக்கோஸைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. கணையம் குளுகான் என்ற ஹார்மோனைச் சுரக்க, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்துவிடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை அதிகமானால் குறைக்க இன்சுலின்.

அடுத்து, இந்த அளவுகளெல்லாம் மாறவே மாறாதா என்று அவள் கேட்கலாம். மாறும். கிருமி தாக்கும்போது உடல் வெப்பத்தைக் கவனித்துக்கொள்ளும் மூளைப் பகுதியான ஹைபோதலாமஸ் தன் இலக்கையே 37 டிகிரி செல்சியஸிலிருந்து, உதாரணமாக, 39-க்கு உயர்த்திவிடும். உடல் இன்னும் 37-இல் இருப்பதால் அதற்குக் குளிர்கிறது. தசைகள் நடுங்கிச் சூடேற்றுகின்றன. காய்ச்சல் விடும்போது இலக்கு கீழே இறங்கும், மிச்சச் சூட்டை வியர்வை வெளியேற்றும்.