எங்கள் இரண்டு மாடி வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பாய்லரை எடுத்துவிட்டு பெல்லட் அடுப்பு வைக்கலாமா? எரிவாயு, விறகு, மின்சாரத்தைவிட இது லாபமா?

நான்கு குளிர்காலமாக என் வீட்டில் பெல்லட் அடுப்புதான் எரிகிறது. லாபமா என்றால், எண்ணெயோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் ஆம். ஆனால் நான் அதை விறகடுப்புக்குத் தம்பி என்று நினைத்துத்தான் வாங்கினேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அதற்கு நெருங்கிய சொந்தம் வாஷிங் மெஷின். மோட்டார், விசிறி, சென்சார், கோளாறு எண் காட்டும் சின்னத் திரை, வருடத்துக்கு ஒரு சர்வீஸ். இது தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

பெல்லட் என்பது மரத்தூளை அதிக அழுத்தத்தில் துளைகள் வழியே பிதுக்கிச் செய்யும் குட்டிக் குச்சி. வீட்டு அடுப்புக்கு வருவது பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் தடிமன். பொதுவாகத் தனியாகப் பசை தேவைப்படாது. அழுத்தத்தில் சூடேறும்போது மரத்திலேயே இருக்கும் லிக்னின் இளகி, ஆறியதும் தூளைப் பிடித்துக்கொள்ளும். இதன் பெரிய பலம் காய்ந்திருப்பதுதான். அப்போது வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஓரிரு வருடம் அடுக்கி உலர்த்திய விறகில்கூட 15 முதல் 20 சதவீதம் ஈரம் நிற்கும். நல்ல பெல்லட்டில் அது 10 சதவீதத்துக்குக் கீழே. ஈர விறகை எரித்தால் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடும், புகையும் கூடும்.

விலைக் கணக்கை அடுப்பு விற்பவரிடம் கேட்காதீர்கள், நீங்களே போடுங்கள். எல்லா எரிபொருளையும் மின்சார யூனிட்டுக்கு மாற்றிவிட்டால் குழப்பமே இல்லை. ஒரு கிலோ பெல்லட்டில் சுமார் 4.8 யூனிட் வெப்பம் இருக்கிறது. அடுப்பின் திறன் 85 சதவீதம் என்று வைத்தால் அறைக்கு 4 யூனிட் வந்து சேரும். (விளம்பரத்தில் 90-க்கு மேல் போட்டிருப்பார்கள். சாம்பல் படிந்த அடுப்பில் அது வராது.) ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 10 யூனிட்; பாய்லரிலும் ஏறக்குறைய இதே பங்கு வீணாகும். ஆக, 2 கிலோ பெல்லட் ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சமம். அந்த இரண்டின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் உங்கள் லாபம் தெரிந்துவிடும்.

சாதாரண மின் ஹீட்டர் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஒரு கிலோ பெல்லட் 4 யூனிட் மின்சாரத்தைவிட மலிவாகக் கிடைத்தாலே ஹீட்டர் தோற்றது. ஹீட் பம்ப் கதை வேறு. அது வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்து, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்கு உள்ளே தள்ளும். அதை வெல்ல ஒரு கிலோ பெல்லட், 1.3 யூனிட் மின்சாரத்தின் விலைக்கு வந்தாக வேண்டும். அவ்வளவு மலிவாகக் கிடைப்பது கஷ்டம். ஆகவே ஏற்கெனவே நல்ல ஹீட் பம்ப் இருப்பவர் பெல்லட்டுக்கு மாறுகிறேன் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். குழாய் எரிவாயு இருந்தால் வசதியில் அதை எதுவும் மிஞ்சாது. அங்கே விலை மட்டும்தான் பேச்சு.

பெல்லட் விலை எப்போதும் அசையாது என்றும் நம்ப வேண்டாம். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவிலிருந்தும் பெலாரஸிலிருந்தும் வந்த பெல்லட் ஐரோப்பாவில் நின்றுபோனது. எரிவாயு விலைக்குப் பயந்த கூட்டமும் இதன் பக்கம் ஓடி வந்தது. பல நாடுகளில் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறி, அப்புறம் இறங்கியது.

இனி யாரும் போடாத கணக்கு ஒன்று: முதுகு. கடுங்குளிரில் என் அடுப்பு ஒரு நாளைக்கு 15 கிலோ மூட்டை ஒன்றைச் சாப்பிடும். குளிர்காலம் முழுக்க இரண்டு டன், அதாவது 130 மூட்டைக்கு மேல். ஒவ்வொன்றையும் இறக்கி, அடுக்கி, மறுபடி தூக்கி வந்து தொட்டியில் கொட்ட வேண்டும். முப்பதில் இது உடற்பயிற்சி. அறுபதில் என்னவாகும் என்று இப்போதே யோசியுங்கள்.

இரண்டாவது வருடம் மலிவாக வந்த மூட்டைகளை மாடிப்படிக்கு அடியில், வெறும் சிமெண்ட் தரையில் அடுக்கினேன். பிளாஸ்டிக் உறைதானே, என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு. உறையில் காற்றுப் போக சின்னத் துளைகள் இருக்கும் என்று அப்போது தெரியாது. அடி வரிசை முழுக்க ஈரம் ஏறி, உப்பி, மறுபடி மரத்தூளாகவே ஆகிவிட்டது. மேல் வரிசைகளில் இருந்ததும் தரமில்லை, ஒரே தூள். தொட்டியிலிருந்து பெல்லட்டை எரிகிண்ணத்துக்குக் கொண்டுபோகும் திருகு இரண்டு முறை அடைத்துக்கொண்டது. கிண்ணத்தில் சாம்பல் உருகிக் கல் மாதிரி கட்டியானது. அந்தச் சேமிப்பு முழுவதும் ஒரே ஒரு சர்வீஸ் கட்டணத்தில் போனது. இப்போது மரப்பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குகிறேன். உறையில் ஈஎன்பிளஸ் ஏ1 என்ற தர முத்திரை இருப்பதை மட்டும் வாங்குகிறேன். அந்தத் தரத்தில் சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது மூட்டைக்கு அதிகபட்சம் 100 கிராம் சொச்சம்.

அந்தச் சாம்பலை அள்ளுவது ஐந்து நிமிட வேலை, ஆனால் தினமும் உண்டு. ஒன்றே ஒன்று, வீட்டு வாக்யூம் கிளீனரை அதில் விடாதீர்கள். வெளியே ஆறியது போலத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். உள்ளே இருக்கும் பை பற்றிக்கொள்ளும்.

மின்சாரம் போனால் அடுப்பும் போயிற்று. எரியும்போது மின்செலவு என்னவோ ஒரு பழைய குண்டு பல்பு அளவுதான்; பற்றவைக்கும் கம்பி சூடாகும் சில நிமிடங்கள் மட்டும் 300 வாட் வரை இழுக்கும். ஆனால் புகையை வெளியே தள்ளுவதே விசிறிதான். நடுவில் மின்சாரம் நின்றால் கிண்ணத்தில் மிச்சம் இருப்பது புகைந்து, புகைபோக்கி சரியில்லாத வீட்டில் அறைக்குள் வந்துவிடும். நான் ஒரு சின்ன யூபிஎஸ் வைத்திருக்கிறேன், அடுப்பு ஒழுங்காக அணைந்து ஆறும் வரை தாங்கினால் போதும் என்று. அடிக்கடி, நீண்ட நேரம் மின்வெட்டு வரும் இடம் என்றால் விறகடுப்புதான் சரி.

கார்பன் மோனாக்சைடு என்ற மணமில்லாத விஷவாயுவுக்கு அலாரம் கட்டாயம் வையுங்கள். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து தனிக் குழாயில் எடுக்கும் மாடலாகப் பாருங்கள். இல்லையென்றால் இறுக்கமாக மூடிய வீட்டில் சமையலறை எக்ஸாஸ்ட் விசிறி ஓடும்போது புகையைப் பின்னோக்கி இழுக்கும். மூட்டையாக வாங்காமல் டன் கணக்கில் மூடிய அறையில் கொட்டி வைப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. பெல்லட் எரியாமலே, சும்மா கிடக்கும்போதே கார்பன் மோனாக்சைடை வெளியிடும். காற்றோட்டம் விடாமல் அந்த அறைக்குள் போகக் கூடாது.

சத்தத்தைப் பற்றியும் கேளுங்கள். விசிறியின் இரைச்சலும் குச்சிகள் கிண்ணத்தில் விழும் டக் டக்கும் எனக்குப் பழகிவிட்டன. என் மனைவி இன்னும் டிவி சத்தத்தைக் கூட்டித்தான் வைக்கிறார்.

உங்கள் வீடு இரண்டு மாடி என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே கூடத்தில் வைத்தால் கூடம் கொதிக்கும், மேல் படுக்கையறைகள் குளிரும். கதவுகளைத் திறந்து வைத்தாலும் பாதிதான் ஏறும். தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டருக்கு அனுப்பும் பெல்லட் பாய்லர் தனியாக உண்டு, அதற்குச் செலவும் இடமும் அதிகம். நான் செய்தது இது: எண்ணெய் பாய்லரை எடுக்கவில்லை. குறைந்த வெப்பத்தில் வைத்துவிட்டு, கூடத்தை மட்டும் பெல்லட்டுக்குக் கொடுத்தேன். ஒரு குளிர்காலம் அப்படி ஓட்டி, எண்ணெய் எத்தனை லிட்டர் குறைந்தது, எத்தனை மூட்டை தூக்கினீர்கள் என்று எழுதி வையுங்கள். பாய்லரை எடுப்பதா வேண்டாமா என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யலாம்.