ரோமானியத் தொல்லியலை ஆய்வுத் துறையாக எடுத்துக்கொள்ளலாமா?

இளங்கலை வரலாறு முடித்தவர் பண்டைய ரோமானியக் கலையையும் தொல்லியலையும் ஆய்வுத் துறையாக எடுத்துக்கொள்ளலாமா, அதில் வேலை எப்படியிருக்கும் என்பது கேள்வி. ரோமானிய மட்பாண்டங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

லத்தீனும் கிரேக்கமும் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஜெர்மனும் இத்தாலியமும் படிக்கத் தெரியாமல் ஓரடி நகர முடியாது என்பது சேர்ந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. பண்டைய ரோமானிய நகரமான பொம்பெய்யின் சுவரோவியங்களை இன்றும் நான்கு பாணிகளாகப் பிரிப்பது, ஆகஸ்ட் மாவ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1882இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ஆய்வை ஒட்டித்தான். என் முதல் ஆண்டு முழுவதும் அகராதியோடு கழிந்தது.

பளிங்குச் சிலைகளை நினைத்துத்தான் நானும் போனேன். முதல் கோடை அகழாய்வில் எனக்குக் கிடைத்தவை ஒரு வாளித் தண்ணீர், ஒரு பல் துலக்கும் பிரஷ், கூடை கூடையாகப் பானை ஓடுகள். ஒவ்வொன்றையும் கழுவி, உலர்த்தி, எண்ணிட்டு, விளிம்புத் துண்டானால் வட்டங்கள் வரைந்த தாளின் மேல் வைத்து, வளைவு எந்த வட்டத்தோடு பொருந்துகிறது என்று பார்த்து வாய் விட்டத்தைக் குறிக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் சிவப்புப் பூச்சு பளபளக்கும் ஒரு தட்டின் அடித்துண்டு வந்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது, நடுவில் மனிதப் பாதத்தின் வடிவில் ஒரு சிறிய முத்திரையும் அதற்குள் தேய்ந்த எழுத்துகளும் தெரிந்தன. இத்தாலியச் செம்மட்கலங்களில் பாத முத்திரை ஏறத்தாழ கி.பி. 15க்குப் பிறகே வழக்கத்துக்கு வருகிறது. ஆகவே, அந்தத் துண்டு கிடந்த மண்ணடுக்கின் மேல் எழும்பிய சுவரை, கி.பி. 14இல் இறந்த பேரரசர் அகஸ்டஸின் காலத்தது என்று எழுதி வைத்திருந்ததைத் திருத்த வேண்டியதாயிற்று. நான் மட்பாண்டத்தின் பக்கம் சாய்ந்தது அன்றுதான். (இதே வகைக் கலங்களின் உடைசல்களைக் கொண்டுதான், 1945இல் அரிக்கமேட்டில் அகழாய்வு செய்த தொல்லியலாளர் வீலர் அவ்விடத்தின் காலத்தைக் கணித்தார்.)

சிற்பத்தின் பக்கம் போகிறவருக்கும் இதே பொறுமை வேண்டும். வத்திக்கானிலுள்ள கான்செல்லேரியா புடைப்புச் சிற்பத்தில் பேரரசர் நெர்வாவின் தலை உடலுக்குப் பொருந்தாமல் சிறுத்திருக்கும். கி.பி. 96இல் பேரரசர் டொமிஷியன் கொல்லப்பட்டு, அவர் நினைவை அழிக்கும்படி செனட் ஆணையிட்டபின், அவருடைய முகத்தைச் செதுக்கியே அடுத்துப் பேரரசரான நெர்வாவின் முகத்தை உண்டாக்கினார்கள். கல்லைக் குறைக்கத்தானே முடியும். அகஸ்டஸின் சிலைகளையோ நெற்றியில் மயிர்க்கற்றை பிரியும் விதத்தைக் கொண்டு அடையாளம் காண்கிறார்கள். ஒரு நாள் முழுவதும் ஒரே நெற்றியைப் பார்த்துக்கொண்டிருக்க உங்களால் இயலுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வேலைவாய்ப்பைப் பற்றி மழுப்ப விரும்பவில்லை. இந்தியாவில் இத்துறைக்கெனத் தனியாகப் பேராசிரியர் பணியிடம் அமைவது அரிது. வெளிநாட்டில் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களாகவே பல ஆண்டுகள் ஓடிவிடும். ஒரு பல்கலைக்கழகம் என்னை நேர்காணல் செய்து முடித்தபின் அந்தப் பணியிடத்தையே நீக்கிவிட்டது. ஆகவே, முழு உதவித்தொகை கிடைக்காவிட்டால் கடன் வாங்கி முனைவர் படிப்பில் சேராதீர்கள். அதற்கு முன் ஒரு கோடையாவது ஏதேனும் ஓர் அகழாய்வில் ஓடு கழுவிப் பாருங்கள். லத்தீனை மட்டும் அதுவரை தள்ளிப்போடாமல் இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.