எஃப் வராத விரல்

அன்புள்ள ஐயா,

போன ஆண்டு 52 புத்தகம் முடித்தேன். இந்த ஆண்டு ஆகஸ்ட் வரை 6தான். காரணம் கிட்டார். 44 வயதில் ஆரம்பித்தேன். எட்டு மாதமாகியும் எஃப் கார்டு (ஆள்காட்டி விரலால் எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்கும் பிடி) வரவில்லை. என் விரல்கள் குட்டை. கிட்டார் வாசிப்பால் வாசிப்பு போய்விட்டது. இரண்டில் எதை விடுவது? நைலான் கம்பிக்கு மாறலாமா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

நைலானா ஸ்டீலா என்பதைக் கடையில் கேளுங்கள். நான் எழுத உட்கார்ந்தது உங்கள் ஒரு வரிக்காக: ‘கிட்டார் வாசிப்பால் வாசிப்பு போய்விட்டது.’ தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது எழுதும்போது உங்களுக்கே உறைக்கவில்லையா? ஒரு வாரமாக நானும் அந்தச் சொல்லையே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் விரல். குட்டை என்று புலம்ப வேண்டாம். கிட்டார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட் எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்ந்த ரொமானி நாடோடி. 1928இல், 18 வயதில், குடியிருந்த வண்டி தீப்பற்றி இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப்போயின. அப்புறம் தனி வாசிப்பெல்லாம் மிச்சமிருந்த இரண்டு விரலில்தான். உங்களுக்கு எல்லாம் இருக்கிறது. எஃப்பில் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்தால் எல்லாருக்கும் முதலில் ‘டப்’பென்று செத்த ஓசைதான் வரும்.

சரி, அந்த 52. பாட்டை ஒரு தடவை வாசித்துவிட்டு ‘முடித்தேன், அடுத்தது’ என்று யாராவது சொல்வார்களா? சி கார்டிலிருந்து எஃப்புக்கு மாறும் ஒரே இடத்தை ராத்திரி முப்பது தடவை வாசிக்கிறீர்கள். புத்தகத்தை மட்டும் வாரத்துக்கு ஒன்று என்று தீர்த்துக்கட்டிக் கணக்கு எழுதுகிறீர்கள். எண்ணுவது ரேஷன் கடை வேலை.

23 வயதில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இருந்தேன். அறை நண்பனின் கிட்டார். ஒன்பது மணிக்கு மேல் சத்தம் வந்தால் மேனேஜர் கதவைத் தட்டுவார். அதனால் கம்பிகள் கிட்டார் உடலில் மாட்டியிருக்கும் பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் கைக்குட்டையைத் திணித்து வாசிப்பேன். சுரம் போய்விடும், ‘டொக் டொக்’ மட்டும் மிஞ்சும். விரல் மாற நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறேன் என்பது அப்போதுதான் காதில் விழுந்தது.

அந்த மழைக்காலத்தில் அறையில் இருந்தது அட்டை கிழிந்த ஒரே ஒரு நாவல். வேறு வழியில்லாமல் நான்கு தடவை வாசித்தேன். அதில் ஒரு கிழவி விளக்கை ஊதி அணைக்க மாட்டாள். திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுவாள். மூன்று தடவையும் எனக்கு அது வெறும் வர்ணனை. நான்காவது தடவைதான், நாளைக்கும் அவளுக்கு அதே திரி வேண்டும் என்பது புரிந்தது. மகன் பணம் அனுப்பி மூன்று மாதமாயிற்று என்று இருபது பக்கம் முன்னாலேயே இருந்தது. நாவல் பெயரைக் கேட்காதீர்கள், முதல் பக்கங்களும் அதில் இல்லை.

எதை விடுவது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். அந்த ஆறு புத்தகத்தில் ஒன்றை மறுபடி எடுங்கள். எஃப்புக்கு, தடித்த இரண்டு கம்பியை விட்டுவிட்டு மெல்லிய நான்கில் மட்டும் பிடியுங்கள். ஆள்காட்டி விரல் இரண்டு கம்பியை அமுக்கினால் போதும். விரல் நுனி காய்த்துவிட்டதா? அதை எழுதவே இல்லையே.