வேளாண்மைக்கு அரசு முதலில் எதற்குச் செலவு செய்ய வேண்டும்?

விதை, உரம், கடன், மின்சாரம் என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். எதை முன்னால் வைப்பது என்பதுதானே கேள்வி? தமிழ்நாட்டில் என்றால், அறுத்த நெல்லைக் காயவைத்துக் காப்பாற்றுவதைத்தான் முதலில் வைப்பேன்.

காவிரி டெல்டாவில் குறுவை நெல் அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வரும். வடகிழக்குப் பருவமழையும் அதையொட்டியே தொடங்கிவிடும். அரசு நெல் வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலோ நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அடைமழையில் இது எப்படி முடியும்? களத்தில் இடமில்லாமல் ரோட்டோரம் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, வெயில் அடித்தால் பிரித்துக் கிளறி, தூறல் விழுந்தால் மறுபடி மூடி, ராப்பகலாகக் காத்துக் கிடக்கிறார்கள். அடியில் கிடக்கும் நெல் முளைத்தே விடுகிறது. மழை வலுத்தால் மாநில அரசு இந்த ஈரப்பத வரம்பில் தளர்வு கேட்டு தில்லிக்கு எழுதும். மத்தியக் குழு வந்து பார்த்து, உத்தரவு வரும்வரை நெல் பொறுக்குமா?

2021 முதல் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போடுகிறோம், நல்ல விஷயம். அதில் உலர்த்தும் இயந்திரத்துக்கும் கூரை போட்ட களத்துக்கும் முதல் பங்கு கொடுக்கட்டும். இலவச மின்சாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அது இருக்கட்டும். அப்புறம், வாங்கிய மூட்டைகளை உடனுக்குடன் குடோனுக்கு ஏற்றியாக வேண்டும். மூட்டை நகராவிட்டால் அடுத்தவர் நெல்லை இறக்கவே இடமிருக்காது.